தொலைவில் ஓடும் நிரலும் மெதுவான இணைப்பும்: வாசகர் கேள்வி – பதில்

தொலைவிலுள்ள கணினியில் ஓடும் நிரலின் திரையைத் தம் மேசையிலிருந்தே பார்த்து வேலை செய்யும் வாசகர்கள் சிலர், இணைப்பு மெதுவாக இருப்பதால் படும் பாட்டை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இந்த முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் பயன்படுத்தும் கணக்கீட்டு நிரல் வெகுதொலைவிலுள்ள ஒரு லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியோடு மறைகுறியாக்கத்தோடு இணையும் முறை) வழியாக அதன் திரையை என் மடிக்கணினிக்குக் கொண்டுவந்து வேலை செய்கிறேன். நிரல் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. ஒரு மெனுவைச் சொடுக்கினால் அது விரியும் வரை காத்திருந்து அலுத்துவிடுகிறது. இணைய இணைப்பைப் பத்து மடங்கு வேகமானதாக மாற்றிப் பார்த்தும் பயனில்லை. இடையில் ஒரு ப்ராக்ஸி சர்வர் வைத்தால் சரியாகுமா?

பதில்: சரியாகும். ஆனால் ப்ராக்ஸி (இரு கணினிகளுக்கும் இடையில் நின்று செய்திகளைக் கைமாற்றும் நிரல்) என்ற பெயரில் இரண்டு வேறு வேலைகளைச் செய்யும் நிரல்கள் இருக்கின்றன. உங்களுக்குத் தேவை எது என்று தெரிந்துகொள்ளாமல் ஒன்றை நிறுவினால், இணைப்பை மாற்றியும் பயனில்லாமல் போனதைப் போலவே இதுவும் வீணாகும். ஆகவே முதலில் நோயைப் பார்ப்போம்.

மெதுவான இணைப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதில் இரண்டு குறைகள் இருக்கலாம். குழாய் குறுகலாக இருப்பது ஒன்று. இதைத்தான் பேண்ட்விட்த் என்கிறோம், மெகாபிட் கணக்கில் விற்கப்படுவதும் இதுவே. குழாய் நீளமாக இருப்பது மற்றொன்று. ஒரு செய்தி அந்தப் பக்கம் போய்ப் பதில் திரும்பிவர ஆகும் நேரம் அது. அதிகப் பணம் கொடுத்தால் குழாய் அகலமாகும், நீளம் குறையாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. வேகத்தில்தான் செல்கிறது. எனவே 10,000 கி.மீ. தொலைவிலுள்ள சர்வருக்குச் செய்தி போய்வர, வழியில் எந்தத் தடையும் இல்லாவிட்டாலும், 100 மில்லிநொடி கட்டாயம் ஆகும். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது; அதன் வழியாகப் போய்வரும் செய்தி அந்த உயரத்தை நான்கு முறை கடக்க வேண்டும் என்பதால், ஏறக்குறைய அரை நொடி அங்கேயே போய்விடுகிறது.

இந்த நீளம் உங்கள் நிரலை எப்படி முடக்குகிறது என்பதை நான் நேரில் பார்த்த ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் செயற்கைக்கோள் இணைப்பு மட்டுமே கிடைத்த ஓரிடத்திலிருந்து தொலைவிலுள்ள கணினியில் வேலை செய்ய வேண்டியிருந்தது. கட்டளைகளைத் தட்டும் சாதாரண எக்ஸ்டெர்ம் சாளரம் சில நொடிகளில் வந்துவிட்டது. அதே கணினியிலிருந்து திறந்த ஒரு புதிய எடிட்டர் ஒரு நிமிடத்துக்கு மேலும் வரவில்லை. லினக்ஸ் நிரல்கள் திரையில் வரையப் பயன்படுத்தும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தின் (சுருக்கமாக எக்ஸ்) செய்திகள் இணைப்பில் ஓடுவதை ஒவ்வொன்றாகக் காட்டும் கருவியை இடையில் வைத்துப் பார்த்தேன். திரையில் ஒரு வரி வந்தது: எடிட்டர் ஒரு பெயரைக் கொடுத்து அதற்குரிய எண்ணைக் கேட்டிருந்தது. பிறகு எதுவும் அசையவில்லை. அரை நொடிக்குப் பின் பதில் வந்தது, வெறும் 32 பைட். உடனே அடுத்த பெயர், மறுபடியும் அதே அசைவற்ற நேரம், மறுபடியும் 32 பைட். இணைப்பில் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் அனுப்புவதற்கு எவரிடமும் எதுவும் இல்லை, இருபுறமும் காத்துக்கொண்டிருந்தன.

அந்த 32 பைட் என்பது 256 பிட். நொடிக்கு 1 மெகாபிட் செல்லும் இணைப்பில் அதை ஏற்றிவிட ஒரு மில்லிநொடியில் கால் பங்கு போதும். ஆனால் போய்வரும் நேரம் 280 மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக 100 கேள்விகளை நிரல் கேட்டால் 28 நொடிகள் ஆகும். இணைப்பைப் பத்து மடங்கு அகலமாக்கினால், ஒவ்வொரு பதிலிலும் நீங்கள் மிச்சப்படுத்துவது அந்தக் கால் மில்லிநொடிக்கும் குறைவானதே. உங்கள் அரை நிமிடம் எங்கே போகிறது, புதிய இணைப்பு ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கு இதுவே விடை என்று கருதுகிறேன்.

இனி ப்ராக்ஸிக்கு வருவோம். முதல் வகை ப்ராக்ஸி, செல்லும் செய்திகளைச் சுருக்குகிறது. முன்பு அனுப்பியதை நினைவில் வைத்துக்கொண்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. இது குறுகலான குழாய்க்கு மருந்து. இரண்டாம் வகை, தொலைவிலுள்ள நிரலுக்குப் பக்கத்திலேயே ஓர் எக்ஸ் சர்வரைப் போல (அதாவது, உங்கள் திரையின் இடத்தில்) உட்கார்ந்துகொண்டு, நிரல் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொல்லிவிடுகிறது; திரையில் தெரிய வேண்டியவை மட்டுமே உங்களிடம் பயணம் செய்கின்றன. இது நீளமான குழாய்க்கு மருந்து. உங்களுக்கு வேண்டியது இரண்டாம் வகை.

எதையும் நிறுவுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிட்டு இரண்டு முறை அளந்துவிடுங்கள். இணைப்பு சும்மா இருக்கும்போது அந்தச் சர்வருக்கு பிங் (செய்தி போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) கொடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பெரிய கோப்பை இறக்கிக்கொண்டே மறுபடியும் பிங் கொடுங்கள். முதல் அளவே 200 மில்லிநொடிக்கு மேல் இருந்தால் தொலைவுதான் காரணம். முதல் அளவு 60 ஆக இருந்து, இரண்டாவது 900-ஐத் தொட்டால், உங்கள் ரூட்டரிலோ மோடத்திலோ தரவுப் பொட்டலங்கள் நீண்ட வரிசையில் தேங்குகின்றன என்று பொருள். பஃபர்புளோட் எனப்படும் இந்தக் குறையை 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த ஜிம் கெட்டிஸ், எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை ராபர்ட் ஷைஃப்லரோடு சேர்ந்து எம்ஐடியில் உருவாக்கியவர்களுள் ஒருவர் என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. அந்த நிலையில் ப்ராக்ஸியைத் தேடுவதற்கு முன், ரூட்டரில் எஃப்க்யூ-கோடல் போன்ற வரிசை முறையை இயக்கி, வேக வரம்பை இணைப்பின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

கேள்வி: ப்ராக்ஸியை எந்தக் கணினியில் நிறுவ வேண்டும்? விளக்கக் கையேட்டில் சர்வர் பக்கம், கிளையன்ட் பக்கம் என்று படித்து, இரண்டு நாளாகத் தலைகீழாக அமைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. படிப்படியாகச் சொல்ல முடியுமா?

பதில்: இந்தக் குழப்பம் உங்களுடைய தவறன்று. எக்ஸ் முறையில் சர்வர் என்பது திரையையும் விசைப்பலகையையும் சுட்டியையும் கையில் வைத்திருப்பது. அதாவது, உங்கள் மேசையில் இருக்கும் கணினி. அந்தத் திரையில் வரைந்துகொள்ள அனுமதி கேட்கும் நிரல்தான் கிளையன்ட். அது தொலைவிலுள்ள பெரிய கணினியில் ஓடினாலும் கிளையன்ட்தான். மற்ற எல்லா இடங்களிலும் தொலைவிலுள்ள பெரிய கணினியையே சர்வர் என்று அழைத்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரிவது இயல்பு. ஆகவே இந்தப் பதிலில் அந்தச் சொற்களை விட்டுவிட்டு, மேசைப் பக்கம், நிரல் பக்கம் என்றே எழுதுகிறேன்.

பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது எக்ஸ்2கோ என்னும் கட்டற்ற மென்பொருள். இது இத்தாலியில் ஜான் ஃபிலிப்போ பின்சாரி உருவாக்கிய என்எக்ஸ் தொழில்நுட்பத்தின் கட்டற்ற பகுதியான மூன்றாம் பதிப்பின் நூலகங்கள்மீது எழுந்தது. நிரல் பக்கத்தில் எக்ஸ்2கோ சர்வர் தொகுப்பையும், மேசைப் பக்கத்தில் எக்ஸ்2கோ கிளையன்ட்டையும் நிறுவ வேண்டும். நிரல் பக்கத்தில் ஏற்கெனவே எஸ்எஸ்எச் இயங்கிக்கொண்டிருந்தால், புதிதாக எந்தப் போர்ட்டையும் (கணினிக்குள் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்துவிட வேண்டியதில்லை. போக்குவரத்து முழுவதும் எஸ்எஸ்எச்-க்குள்ளேயே செல்கிறது. நீங்கள் உள்நுழைந்ததும் நிரல் பக்கத்தில் ஏஜென்ட் என்னும் ஓர் எக்ஸ் சர்வர் எழுகிறது. உங்கள் நிரல் அதனிடம்தான் பேசுகிறது, கேள்வி கேட்கிறது, உடனுக்குடன் பதிலையும் பெறுகிறது. மேசைப் பக்கத்தில் என்எக்ஸ்ப்ராக்ஸி எழுகிறது. ஏஜென்டிடமிருந்து சுருக்கப்பட்டு வருவதை விரித்து, உங்கள் உண்மையான திரைக்குக் கொடுக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன இரண்டு மருந்துகளும் இதில் சேர்ந்தே இருக்கின்றன.

அமைப்புகளில் நீங்கள் கைவைக்க வேண்டியது இணைப்பு என்னும் தாவல். அங்கே மோடம், ஐஎஸ்டிஎன், ஏடிஎஸ்எல், வேன், லேன் என்று ஐந்து நிலைகள் உள்ள ஒரு நகர்த்தி இருக்கும். இப்பெயர்களைப் பழைய கருவிகளின் பெயர்களாகப் பார்க்காமல், எவ்வளவு பாடுபட்டுச் சுருக்க வேண்டும் என்று சொல்லும் படிகளாகப் பார்க்க வேண்டும். மோடம் நிலையில் சுருக்கம் மிகுதி, அதற்காக இருபுறக் கணினிகளும் அதிகம் உழைக்கும். லேன் நிலையில் சுருக்கம் ஏறக்குறைய இல்லை. கைப்பேசி வழி இணையம், செயற்கைக்கோள் போன்றவற்றுக்கு ஏடிஎஸ்எல் நிலையில் தொடங்கி, திரை தயங்கினால் ஒருபடி கீழே இறக்கிப் பாருங்கள். நேராக மோடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தொலைவுதான் நோய் என்றால் அதனால் நன்மை எதுவும் இல்லை, பழைய மடிக்கணினியாக இருந்தால் விரித்தெடுக்கும் வேலையே புதிய தாமதமாகிவிடும்.

அதே தாவலில் படங்களைச் சுருக்கும் முறையும் தரமும் கேட்கப்படும். 16எம்-ஜேபெக் என்று தொடங்கும் முறையில் 0 முதல் 9 வரை தரம் உண்டு. எழுத்துகளும் கோடுகளும் நிறைந்த வேலைக்கு ஜேபெக் முறை எழுத்தின் ஓரங்களைக் கலங்கடிக்கும். பிஎன்ஜி முறை தெளிவாக இருக்கும், ஆனால் ஒளிப்படம் போன்றவற்றில் அளவு பெருகும். எனக்கு எழுத்துத் தெளிவு முக்கியம் என்பதால் பிஎன்ஜியையே வைத்திருக்கிறேன்.

மற்றொன்றையும் கவனியுங்கள். என்எக்ஸின் இந்தப் பதிப்பு பழையது என்பதால், முப்பரிமாண விளைவுகளை நம்பியிருக்கும் க்னோம் போன்ற புதிய மேசைச் சூழல்கள் இதில் ஒழுங்காக எழுவதில்லை. நிரல் பக்கத்தில் எக்ஸ்எஃப்சிஇ அல்லது மாட்டே சூழலை நிறுவிக்கொள்ளுங்கள். பின்னணிப் படத்தை எடுத்துவிட்டு ஒற்றை நிறமாக்குங்கள், சாளரங்கள் நழுவி வரும் அசைவுகளை நிறுத்துங்கள். முழு மேசைச் சூழலும் வேண்டாம், ஒரே ஒரு நிரல் போதும் என்றால், தனி நிரல் அமர்வைத் தேர்ந்தெடுக்கும் வசதி எக்ஸ்2கோவிலேயே இருக்கிறது. மெதுவான இணைப்புக்கு அதுவே மேல்.

எக்ஸ்2கோ நிறுவ இயலாத இடத்தில் என்எக்ஸ்ப்ராக்ஸியை மட்டும் கையால் அமைக்கலாம். நிரல் பக்கத்தில் அதைப் பெரிய ‘சி’ விருப்பத்தோடும் மேசைப் பக்கத்தில் பெரிய ‘எஸ்’ விருப்பத்தோடும் இயக்க வேண்டும். காட்சி எண்ணை (ஒரு கணினியிலுள்ள எக்ஸ் திரைகளுக்கான வரிசை எண்) 8 என்று வைத்துக்கொண்டால், இரண்டு ப்ராக்ஸிகளும் தமக்குள் பேசிக்கொள்ளும் போர்ட் 4008. நிரல் பக்கத்து ப்ராக்ஸி ஓர் எக்ஸ் சர்வரைப் போல நடித்துக் காத்திருக்கும் போர்ட் 6008. எஸ்எஸ்எச்-இன் பெரிய ‘எல்’ விருப்பத்தைக் கொண்டு மேசைப் பக்கத்து 4008-ஐ நிரல் பக்கத்து 4008-ஓடு இணைத்துவிட்டு, மேசைப் பக்கத்து ப்ராக்ஸியை லோக்கல்ஹோஸ்ட், 8 என்ற முகவரிக்கு அனுப்புங்கள். நிரல் பக்கத்தில், எந்தத் திரையில் வரைவது என்று நிரலுக்குச் சொல்லும் டிஸ்ப்ளே மாறிக்கு 8-ஆம் காட்சியைக் கொடுத்துவிட்டு நிரலைத் தொடங்குங்கள். இந்த இரண்டு ப்ராக்ஸிகளுக்கு இடையிலான பேச்சு மறைகுறியாக்கம் செய்யப்படுவதில்லை. எஸ்எஸ்எச் சுரங்கத்தை விட்டுவிட்டு நேரடியாக இணையத்தில் திறந்துவிடாதீர்கள். அதோடு, ஏஜென்ட் இல்லாமல் ப்ராக்ஸியை மட்டும் வைத்தால் சுருக்கம்தான் கிடைக்கும். நிரல் கேட்கும் கேள்விகள் முன்போலவே உங்கள் மேசை வரை வந்து திரும்பும். எனவே குறுகலான ஆனால் நீளமில்லாத இணைப்புக்கே இவ்வழி ஏற்றது.

கேள்வி: பழைய யூனிக்ஸ் நூல் ஒன்றில் எல்பிஎக்ஸ் ப்ராக்ஸி என்று படித்தேன். குறைந்த பேண்ட்விட்த்துக்கென்றே உருவாக்கியது என்கிறார்கள். அதை இப்போது பயன்படுத்தலாமா?

பதில்: இயலாது, ஆனால் அது ஏன் கைவிடப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. தொலைபேசி மோடங்களின் காலத்தில், 1996-இல், எக்ஸ்11-இன் 6.3 வெளியீட்டோடு எல்பிஎக்ஸ் வந்தது. நிரல் பக்கத்தில் எல்பிஎக்ஸ்ப்ராக்ஸி என்னும் நிரலை இயக்க வேண்டும். அது இயல்பாக 63-ஆம் காட்சியில் காத்திருக்கும். சுருக்குதல், மாறிய பகுதியை மட்டும் அனுப்புதல் ஆகியவற்றோடு, எல்லோரும் வழக்கமாகக் கேட்கும் பெயர்களின் எண்களை முன்கூட்டியே பெற்று வைத்துக்கொண்டு தானே பதில் சொல்லவும் அது முயன்றது. எண்ணம் சரியானதுதான். ஆனால் எக்ஸ் சர்வருக்குள்ளேயே அதற்கென ஒரு நீட்சியைச் சேர்த்தாக வேண்டியிருந்தது. அவ்வளவு உழைப்புக்குப் பிறகும், எஸ்எஸ்எச்-இன் எளிய சுருக்கம் தருவதைவிடப் பெரிதாக எதையும் அது தரவில்லை என்று அதில் பங்கெடுத்த கீத் பேக்கார்டே பின்னர் வெளிப்படையாக எழுதினார். அவரும் ஜிம் கெட்டிஸும் 2003-இல் யூஸ்னிக்ஸ் என்னும் கணினியியல் மாநாட்டில் அளித்த கட்டுரையும், எக்ஸ் நிரல்களைத் தாமதப்படுத்துவதில் பேண்ட்விட்த்தைவிடப் போய்வரும் பயணங்களுக்கே பெரிய பங்கு என்பதை அளந்து காட்டியது. தாம் செய்த வேலை பலிக்கவில்லை என்பதை ஒரு பொறியாளர் இவ்வளவு நேர்மையாக ஆராய்ந்து எழுதியிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னாளில் எக்ஸ் சர்வரை உருவாக்கிவரும் எக்ஸ்.ஆர்க் அந்த நீட்சியை நீக்கிவிட்டது. இன்றைய எக்ஸ் சர்வரில் எல்பிஎக்ஸ் பேச ஆளில்லை.

கேள்வி: எஸ்எஸ்எச்-இலும் சுருக்கம், ப்ராக்ஸியிலும் சுருக்கம் என்று இரண்டையும் இயக்கினால் இன்னும் நன்றாக இருக்குமா?

பதில்: இருக்காது. ஒருமுறை நன்றாகச் சுருக்கிய தரவை மறுபடியும் சுருக்கினால் அளவு குறையாது, கணினியின் உழைப்பு மட்டும் கூடும். என்எக்ஸ், எக்ஸ்ப்ரா, விஎன்சி என்று தொலைவிலுள்ள திரையைக் கொண்டுவரும் நிரல் எதுவாக இருந்தாலும் அதனுள்ளேயே சுருக்கம் இருப்பதால், எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் அந்தச் சர்வருக்குரிய கம்ப்ரஷன் வரியை ‘நோ’ என்று வைத்துவிடுங்கள். ப்ராக்ஸி எதுவும் இல்லாமல் எஸ்எஸ்எச் வழியாக நேராக எக்ஸ் நிரலைக் கொண்டுவரும் நாளில் மட்டும் ‘யெஸ்’ என்று மாற்றினால் போதும்.

கேள்வி: இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. ஒவ்வொரு முறையும் நிரல் செத்துவிடுகிறது, செய்த வேலையும் போய்விடுகிறது. வழி உண்டா?

பதில்: வேலை பறிபோகும் வருத்தத்தை நானும் அறிவேன், இதற்கு நல்ல தீர்வு இருக்கிறது. எஸ்எஸ்எச் வழியாக நேரடியாக வரும் எக்ஸ் நிரல், தன் திரையோடு உள்ள இணைப்பு அறுந்ததும் முடிந்துவிடும். நிரல் பக்கத்திலேயே ஏஜென்ட் இருந்தால் நிரலுக்கு அந்த அறுதல் தெரியவே தெரியாது. அதன் திரை பக்கத்திலேயே உயிரோடு இருக்கிறது; போனது உங்களுக்கும் ஏஜென்டுக்கும் இடையிலுள்ள கம்பி மட்டுமே. எக்ஸ்2கோவில் மறுபடி உள்நுழைந்தால், இடைநிறுத்தப்பட்ட அமர்வு பட்டியலில் நிற்கும். அதைத் தொடரச் சொன்னால், பாதியில் விட்ட சொல் பாதியிலேயே காத்திருக்கும்.

எக்ஸ்ப்ரா என்னும் நிரலும் இதே வேலையைச் சாளரம் சாளரமாகச் செய்கிறது. நிரல் பக்கத்தில் ‘ஸ்டார்ட்’ கட்டளையால் தொடங்கி, மேசைப் பக்கத்திலிருந்து ‘அட்டாச்’ கொடுத்தால் அந்த நிரலின் சாளரம் உங்கள் சொந்தச் சாளரங்களோடு கலந்து நிற்கும். இணைப்பு போனால் மறுபடி ‘அட்டாச்’ கொடுத்தால் போதும். இணைப்பின் நிலையைத் தானே அளந்து படத்தின் தரத்தை ஏற்றி இறக்குவதும், பேண்ட்விட்த்துக்கு மேல்வரம்பு வைக்க முடிவதும் இதன் சிறப்பு. வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்தும் இணைப்பாக இருந்தால் அந்த வரம்பை மறக்காமல் வையுங்கள்.

எஸ்எஸ்எச் பக்கத்திலும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் சர்வர்அலைவ்இன்டர்வல் என்னும் அமைப்பைச் சிலர் 5 நொடி என்று வைத்துவிடுகிறார்கள். பதில் வராமல் எத்தனை முறை பொறுப்பது என்பதன் இயல்பு அளவு 3. ஆக, 15 நொடி இணைப்பு தடுமாறினாலே எஸ்எஸ்எச் தானாகவே அறுத்துக்கொள்ளும். இடைவெளியை 30 ஆக்கி, எண்ணிக்கையை 6 ஆக்கினால் மூன்று நிமிடம் வரை பொறுத்திருக்கும். அறுந்துபோவதாக நீங்கள் நினைப்பவற்றுள் சில, அமைப்பு தானே அறுத்தவையாகவும் இருக்கலாம்.

கேள்வி: ப்ராக்ஸி அமைக்கும்போது அனுமதி இல்லை என்று பிழை வந்தது. இணையத்தில் தேடியதில், மேசைப் பக்கத்தில் எக்ஸ்ஹோஸ்ட் கூட்டல்குறி என்று கட்டளையிடச் சொன்னார்கள். பிழை நீங்கிவிட்டது. இது சரிதானே?

பதில்: தயவுசெய்து இப்போதே எக்ஸ்ஹோஸ்ட் கழித்தல்குறி என்று கட்டளையிட்டு அதைத் திரும்பப் பெறுங்கள். அந்தக் கூட்டல்குறிக்குப் பொருள், உங்கள் திரையை எட்ட முடிந்த எவரும் அதனோடு இணையலாம் என்பது. எக்ஸ் முறையில் ஒருமுறை இணைந்துவிட்ட நிரல், மற்ற சாளரங்களில் நீங்கள் அழுத்தும் விசைகளையும் கவனிக்க முடியும்; கடவுச்சொல்லும் அதில் அடக்கம். எக்ஸ்.ஆர்க் 2015-இல் வெளியான 1.17 பதிப்பிலிருந்து வெளியிலிருந்து வரும் டிசிபி இணைப்புகளை இயல்பாகவே கேட்பதில்லை என்பது ஓரளவு காப்பு. ஆனால் சர்வர் அமைப்புகளில் சிலர் அதையும் திறந்துவிடுவதைப் பார்க்கிறேன்.

அனுமதிப் பிழைக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் குக்கீதான். எக்ஸ் சர்வர் 128 பிட் அளவுள்ள ஓர் இரகசிய எண்ணை உருவாக்கி வைத்திருக்கும். அதே எண்ணைக் காட்டும் நிரலையே உள்ளே விடும். ப்ராக்ஸி புதிய காட்சி எண்ணில் ஓடும்போது அந்த எண்ணுக்குரிய குக்கீ நிரல் பக்கத்தில் இருக்காது. எக்ஸ்ஆத் கட்டளையால் மேசைப் பக்கத்துக் குக்கீயைப் பட்டியலிட்டு, அதை ப்ராக்ஸியின் காட்சி எண்ணுக்குச் சேர்த்துவிடுங்கள், பிழை நீங்கும். எஸ்எஸ்எச், எக்ஸ்2கோ இரண்டும் இந்த வேலையைத் தாமே செய்துகொள்கின்றன. வேறு பயனராக மாறி நிரலை இயக்கினால் மட்டும் குக்கீ பழைய பயனரின் கோப்பிலேயே தங்கிவிடும். அனுமதிப் பிழை என்று எழுதுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, நடுவில் பயனரை மாற்றினீர்களா என்பதைத்தான்.

கேள்வி: நான் பார்ப்பது மருத்துவப் படங்களும் முப்பரிமாண மாதிரிகளும். இவற்றுக்கும் என்எக்ஸ் போதுமா? எக்ஸுக்கு மாற்றாக வேலண்ட் வந்துவிட்டதால் இவையெல்லாம் பயனற்றவை ஆகிவிட்டனவா?

பதில்: படமே வேலையாக இருக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ள திரை, புள்ளிக்கு 4 பைட் வீதம் 82,94,400 பைட். நொடிக்கு 2 மெகாபிட் இணைப்பில் அதைச் சுருக்காமல் அனுப்ப ஏறத்தாழ 33 நொடி ஆகும். மாதிரியைச் சுழற்றும்போது ஒவ்வொரு கணமும் இந்த அளவு புதிதாகப் பிறக்கிறது, முன்பு அனுப்பியதை நினைவில் வைத்துக்கொள்ளும் என்எக்ஸின் திறமைக்கு அங்கே வேலையில்லை. இத்தகைய பணிக்கு, நிரல் பக்கத்திலுள்ள வரைகலை அட்டையிலேயே மாதிரியை வரைந்து முடித்து, வந்த படத்தை மட்டும் அனுப்பும் விர்ச்சுவல்ஜிஎல், அதனோடு டர்போவிஎன்சி என்ற இணையே ஏற்றது. விஎன்சியின் அடிப்படை முறையில் மேசைப் பக்கம் கேட்கும்போதுதான் அடுத்த படம் வருகிறது. இணைப்பு திணறினால் இடையிலுள்ள படங்கள் கைவிடப்பட்டு, கடைசி நிலை மட்டும் வந்து சேரும். சுழற்றும்போது தரத்தைக் குறைத்து வைத்து, நிறுத்தியதும் இழப்பில்லாத படத்தைக் கேட்டுப் பெறும் வசதி டர்போவிஎன்சியில் உண்டு. மருத்துவப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் முன் அந்த இழப்பில்லாத படத்தைத் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள்; ஜேபெக் சுருக்கம் உண்டாக்கும் கறை எது, படத்திலேயே உள்ள நிழல் எது என்று கண்ணால் பிரித்தறிவது கடினம்.

வேலண்டைப் பொறுத்தவரை, அதன் அடிப்படை வடிவமைப்பில் நெட்வொர்க் வழியாகத் திரையைக் கொண்டுசெல்லும் ஏற்பாடு இல்லை. அந்தக் குறையை நிரப்புவதும் ஒரு ப்ராக்ஸிதான்: 2019-இல் எழுதத் தொடங்கிய வேபைப். இரு கணினிகளிலும் அதை நிறுவிவிட்டு, வழக்கமான எஸ்எஸ்எச் கட்டளைக்கு முன்னால் வேபைப் என்ற சொல்லைச் சேர்த்தால், தொலைவிலுள்ள வேலண்ட் நிரலின் சாளரம் உங்கள் மேசையில் வந்து நிற்கும். சாளரத்தில் மாறிய பகுதியைக் கண்டுபிடித்து, எல்இசட்4 அல்லது இசட்எஸ்டிடி முறையில் சுருக்கி அனுப்புகிறது. மெதுவான இணைப்புக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். நிரல் அடிக்கடி கேள்வி கேட்டுப் பதிலுக்காக நிற்கும் வழக்கம் வேலண்டில் மிகவும் குறைவு என்பதால் தொலைவின் பாதிப்பும் குறைவாகவே இருக்கும். ஆனால் இணைப்பு அறுந்தால் நிரலும் போய்விடும் அபாயம் இதில் இருக்கிறது. ஆகவே நீண்ட நேரம் ஓடும் வேலைகளை எக்ஸ்2கோவிலோ எக்ஸ்ப்ராவிலோ வைத்துக்கொண்டு, ஒரு கோப்பைத் திறந்து பார்த்து மூடுவது போன்ற சிறு வேலைகளுக்கு வேபைப்பைப் பயன்படுத்துங்கள்; நானும் அப்படித்தான் செய்துவருகிறேன்.